மூணாம்புள்ளியும் ஆறு கம்பியும்

கண் தெரியாதவர் என்றால் பாட்டு வந்தே தீரும் என்று இந்த உலகத்தில் முதலில் யார் கிளப்பிவிட்டார்களோ தெரியாது. அந்த ஆள் மட்டும் கையில் கிடைத்திருந்தால் நம் திருத்துநர் அவரை எதிரே உட்கார வைத்து ஒரு முழு அகராதியையும் கமா விடாமல் படித்துக் காட்டியிருப்பார். அதுதான் அவரால் கொடுக்க முடிந்த பெரிய தண்டனை. பிறந்ததிலிருந்தே பார்வை இல்லை அவருக்கு. ஐம்பத்தொரு வயதுக்குள் எத்தனை கல்யாண வீடு, எத்தனை பிரிவுபசார விழா, எத்தனை ரயில் பயணம்! எங்கே போனாலும் யாராவது ஒருவர் அவர் முழங்கையைத் தொட்டு, குரலில் தேனைக் குழைத்து, "ஒரு பாட்டு பாடுங்களேன்" என்பார்கள். "பாட்டு வராதுங்க" என்றால் நம்ப மாட்டார்கள். அடக்கம் என்று நினைத்துக்கொண்டு இன்னும் நெருங்கி உட்காருவார்கள். பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர் காதைத் திருகியே அவரைச் சுருதிக்குள் கொண்டுவரப் பார்த்தார். காது சிவந்ததுதான் மிச்சம்.

அதனால் சங்கீதம் என்றாலே ஒரு கும்பிடு போட்டு ஒதுங்கிவிட்டவர். ரேடியோவில் செய்தி முடிந்த கையோடு பட்டென்று நிறுத்திவிடுவார். பெண் பார்க்கப் போன வீட்டில்கூடச் சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் பாடச் சொன்னார்கள். பெண் மட்டும், "உங்களுக்குச் சர்க்கரை எத்தனை ஸ்பூன்?" என்று கேட்டாள். அவளையே கட்டிக்கொண்டார். இருபத்தாறு வருஷமாக அவள் ஒரு நாளும் அவரைப் பாடச் சொன்னதில்லை.

வேலை பிரெயில் அச்சகத்தில். அங்கே இரண்டு பேர் ஜோடியாகத்தான் பிழை திருத்துவார்கள். பிரெயில் தாளை அவர் விரலால் தடவிச் சத்தமாகப் படிப்பார். எதிரே இருப்பவர் கையில் மூலப் பிரதி இருக்கும். இரண்டும் ஒத்துப்போகிறதா என்று அவர் கண்ணால் பின்தொடர்வார். எழுத்து மட்டும் போதாது, குறியெல்லாம் வாயால் சொல்ல வேண்டும். "அவள் விம்மி விம்மி அழுதாள் முற்றுப்புள்ளி புதுப்பத்தி" என்று திருத்துநர் ரயில் நிலைய அறிவிப்பு மாதிரிப் படிப்பதைக் கேட்டால் எப்பேர்ப்பட்ட சோகக் கதைக்கும் சிரிப்பு வந்துவிடும்.

அவருக்கு இடது கை ஆள்காட்டி விரல்தான் கண். வலது கை வரியின் முனையைப் பிடித்துக்கொண்டு நிற்கும், அவ்வளவே. அந்த இடது விரலின் கீர்த்தி பெரியது. ஒரு தடவை ஓர் எழுத்தின் மூன்றாம் புள்ளி சரியாக எழும்பவில்லை என்று ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தை நிறுத்தச் சொல்லி நானூறு தாளைக் கழித்துக் கட்டினார். அன்றிலிருந்து அச்சகத்தில் அவர் முதுகுக்குப் பின்னால் 'மூணாம்புள்ளி' என்று பெயர். முதுகுக்குப் பின்னால் பேசுவது அவருக்குத்தான் முதலில் கேட்கும் என்பதை அங்கே யாரும் யோசிக்கவில்லை. கேட்டுவிட்டு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொண்டார்.

எதிரே உட்கார்ந்து மூலப் பிரதி பார்ப்பவளுக்கும் பட்டப்பெயர் உண்டு. மூச்சு விடாமல் பேசுவாள், பேசினால் நிறுத்தம் வராது. ஆகவே 'ரயிலு'. அவரை அண்ணே என்பாள். பத்து வருஷமாக ஒரே மேஜை.

ஒரு நாள் மதியம் மின்சாரம் போயிற்று. தகடு அழுத்தும் இயந்திரம் கடைசியாக ஒரு 'தடக்' போட்டுவிட்டுப் படுத்துக்கொண்டது. அந்த இரைச்சலுக்குள்ளேயே உட்கார்ந்து பழகியவருக்கு, அது நின்றதும் அறை இரண்டு மடங்கு பெரிதாகிவிட்டது போல் இருந்தது. மழை விட்ட நேரம். ஜன்னல் வழியாகச் சந்தின் ஈரக்காற்று வந்தது. எதிர்க் கட்டடத்து மாடியில் யாரோ ஒரு கிட்டாரை ஒரே ஒரு தரம் மீட்டினார்கள். மீட்டிவிட்டு எழுந்து போய்விட்டார்கள் போலிருக்கிறது. நடந்தது அவ்வளவுதான்.

ஆனால் திருத்துநர் தாளின் மேல் வைத்த விரலை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். சின்ன வயதில் பிரெயில் கற்றுக்கொண்டபோது ஒவ்வொரு எழுத்திலும் புள்ளிகளை எண்ணித்தான் கண்டுபிடிப்பார். மொத்தம் ஆறு இடம், இதில் உண்டு, அதில் இல்லை என்று கணக்குப் போட்டுக் களைத்துப்போவார். ஒரு நாள் காலை, ஏன் என்றே தெரியாமல், எண்ணாமலேயே எழுத்து முழுசாக விரலில் ஏறியது. அன்றைக்குப் பள்ளிக்கூடத்துச் சுவர், மேஜை, தன் சட்டைப் பொத்தான் எல்லாவற்றையும் தடவித் தடவிச் சிரித்துக்கொண்டு திரிந்தார். இப்போது ஜன்னல் வழியாக வந்ததும் ஆறு கம்பி. ஆறும் ஒன்றாக, எண்ணத் தேவையில்லாமல், முழுசாக வந்தது. காதுக்குள் யாரோ ஓர் எழுத்தை வைத்துவிட்டுப் போனார்கள். அது என்ன எழுத்து என்றுதான் தெரியவில்லை.

"என்ன அண்ணே, தூங்கிட்டீங்களா?" என்றாள் ரயிலு.

"இப்ப ஒரு சத்தம் வந்துச்சே, அது என்ன?"

"யாரோ கிட்டார் வாசிச்சாங்க. எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கு அண்ணே. எங்க வீட்டுக்காரர் கத்துக்கறேன்னு வாங்கினாரு. மூணு நாள் கூத்தடிச்சாரு, நாலாவது நாள் கதவுக்குப் பின்னாடி போயிடுச்சு. இப்ப அதுல குடை மாட்டுறோம்."

"அதை நாளைக்குக் கொண்டு வா."

ரயிலு வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தாள்.

"யாருக்கும் தெரியக் கூடாது" என்றார் அவர். "தெரிஞ்சா, அதானே பார்த்தேன்னு சொல்லுவாங்க. அம்பது வருஷமா நான் கட்டிக் காப்பாத்தினது ஒரு நிமிஷத்துல போயிடும்."

அச்சகத்தின் பின்கட்டில் தாள் கிடங்கு ஒன்று இருந்தது. பிரெயில் தாள் தடியானது. கட்டுக் கட்டாகத் தோள் உயரத்துக்கு அடுக்கியிருப்பார்கள். உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் வெளிச்சத்தம் எதுவும் வராது, உள்சத்தமும் போகாது. தாளெல்லாம் குடித்துவிடும். சாப்பாட்டு இடைவேளையில் மிச்சமாகும் அரைமணி நேரம் அங்கேதான் கழிந்தது. திருத்துநர் ஒரு தாள்கட்டின் மேல் உட்கார்ந்து கிட்டாரை மடியில் வைத்துக்கொள்வார். அதன் பின்புறத்து மரம் அவர் வயிற்றைத் தொட்டுக்கொண்டிருக்கும். கம்பியைச் சும்மா தட்டினாலே அந்த அதிர்வு விலா எலும்பு வழியாக உள்ளே போய் எங்கோ உட்காரும். கிடங்கு கரைந்துபோகும். ஒரு பெரிய வெதுவெதுப்பான மிருகம் தன் மடியில் படுத்து மூச்சு விடுகிறது என்று நினைத்துக்கொள்வார். இந்த நினைப்பை ரயிலிடம்கூடச் சொல்லவில்லை.

கம்பி மாற்றிக் கொடுத்த கடைக்காரர் ரயிலிடம் ஒன்று சொல்லி அனுப்பியிருந்தார். கீழே இருக்கும் மெல்லிய கம்பிதான் ஒன்றாம் நம்பர், மேலே போகப்போகத் தடித்து, உச்சியில் இருப்பது ஆறாம் நம்பர். திருத்துநர் அதை மனதில் ஆணி அடித்ததுபோல் ஏற்றிக்கொண்டார். கிட்டாரோடு ஒரு பாடப்புத்தகமும் வந்திருந்தது. அதில் ஒவ்வொரு கார்டுக்கும், அதாவது கம்பிகளை இன்ன இன்ன இடத்தில் அழுத்தி எல்லாவற்றையும் சேர்த்து மீட்டுகிற ஒவ்வொரு கூட்டொலிக்கும், ஒரு படம் போட்டிருந்தது.

"ஆறு நெட்டுக்கோடு இருக்கு அண்ணே. குறுக்கே கட்டம் கட்டமா இருக்கு. விரல் வைக்கிற எடத்துல புள்ளி வச்சிருக்காங்க."

"புள்ளியா?" திருத்துநருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "கண்ணு தெரியறவங்களுக்கும் கடைசியில புள்ளிதானா? படி, படி."

ரயிலு படித்தாள். பத்து வருஷமாக எப்படிப் படித்தாளோ அப்படியே, இடமிருந்து வலமாக, ஒரு கோடு விடாமல். "ஈ மைனர். ஒண்ணாவது கோடு, சும்மா விடணும். ரெண்டாவது கோடு, ரெண்டாம் கட்டத்துல புள்ளி. மூணாவது கோடு, அதே ரெண்டாம் கட்டத்துல புள்ளி. நாலு, அஞ்சு, ஆறு, சும்மா." திருத்துநர் கீழிருந்து எண்ணினார். ஒன்றாம் கம்பியை விட்டார். இரண்டிலும் மூன்றிலும் விரலை வைத்தார். இரண்டு பேரும் அவரவர் வேலையைத் துளிப் பிசகில்லாமல்தான் செய்தார்கள். ஊரார் தவறையெல்லாம் உட்கார்ந்த இடத்திலிருந்தே பிடிக்கும் ஜோடி, அந்த ஒரு நிமிஷத்தில் சேர்ந்தே ஒரு பள்ளத்தில் காலை விட்டது. அது என்ன என்று பிறகு வருகிறது.

மீட்டினார். புளித்துப்போன சத்தம் ஒன்று எழுந்தது.

"ஆரம்பத்துல அப்படித்தான் அண்ணே இருக்கும். எங்க வீட்டுக்காரர் வாசிச்சப்ப இதைவிட மோசம், பக்கத்து வீட்டுல ஜன்னலைச் சாத்தினாங்க."

சரி, தன் கைதான் இன்னும் பழகவில்லை என்று அவரும் நம்பினார். ஈ மைனர், ஏ மைனர், சி, ஜி என்று நாலு கார்டுகள். நாலையும் பிரெயிலில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பேருந்தில் கைப்பையின் வாரை அழுத்திப் பழகினார். சும்மா சொல்லக் கூடாது, அவருக்கு விரல் மாற்றுவது சீக்கிரம் வந்துவிட்டது. பிரெயில் தட்டச்சில் ஆறு விசை, ஓர் எழுத்துக்கு மூன்று நாலு விசையை ஒரே அமுக்கில் அழுத்த வேண்டும். விரல்கள் ஒன்றாக இறங்குவது அவருக்கு நாற்பது வருஷப் பழக்கம். சத்தம்தான் ஜன்னல் வழியாக வந்த அந்தச் சத்தமாக ஆகவில்லை. ஆனாலும் அந்தப் புளிப்புக்குள்ளே ஏதாவது ஒரு கம்பி தெளிவாக ஒலிக்கும். அதைப் பிடித்துக்கொண்டு சாயங்காலம் வரை மிதப்பார். கனவில் அவருக்குப் படம் வராது, தொடுகைதான் வரும். அந்த நாட்களில் ஒரே கனவு திரும்பத் திரும்ப வந்தது. ஒரு பெரிய தாள், அதில் புள்ளிகளுக்குப் பதில் ஆறு நீளக் கம்பிகள். விரலை வைத்தால் வரி முழுவதும் முனகும். கதை என்னவென்று புரியாது, ஆனால் படித்துக்கொண்டே இருக்கலாம் போல இருக்கும்.

இரண்டரை மாதம் இப்படிப் போயிற்று.

மனைவி தையற்காரி. வீட்டு முன்னறையில் மெஷின், சுற்றிலும் துணி. ஒரு உடையைத் தைத்து முடித்ததும் அதன் நீளமான தையலை அவர் முன்னால் நீட்டுவாள். அவர் இடது விரலை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓட்டிப் பார்த்து, "சரியா இருக்கு" என்றோ, "இங்க ஒண்ணு விட்டுப்போச்சு" என்றோ சொல்வார். அதன் பிறகுதான் துணி வெளியே போகும். கல்யாணம் ஆன வாரத்திலிருந்து நடக்கிற பழக்கம் இது. அன்று சாயங்காலம் ஒரு மெல்லிய பட்டுத் துணியில் விரலை ஓட்டும்போது, நூல் விரலில் மாட்டி இழுத்தது.

"உங்க விரல் என்ன, அரம் மாதிரி சொரசொரங்குது?" என்றாள் மனைவி.

"தடித் தாள் எடுக்கறோம்ல, அதான்."

"இருபது வருஷமா எடுக்காத தாளா?" என்றாள். அதற்கு மேல் கேட்கவில்லை. துணியை வாங்கிக்கொண்டு மெஷினை மிதிக்க ஆரம்பித்துவிட்டாள்.

திருத்துநர் கட்டைவிரலால் மற்ற விரல் நுனிகளைத் தடவிப் பார்த்தார். கம்பியை அழுத்தி அழுத்தி இடது கை விரல் நுனிகள் காய்த்துப்போயிருந்தன. கிட்டார் கற்பவர்களுக்கு அது நல்ல சகுனமாம், வலி குறைந்துவிடுமாம், புத்தகத்தில் போட்டிருந்தது. வாத்தியக்காரருக்கு நல்லது. விரலால் படிக்கிறவருக்கு? தாளில் புள்ளிகள் முன்போல் குத்தாமல் போர்வைக்கு அடியில் இருப்பதுபோல் தெரிவது அவருக்கு ஒரு வாரமாகவே தெரியும். இன்னும் நாலு நாள், இன்னும் நாலு நாள் என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டு இருந்தார்.

அந்த நாலு நாளுக்குள் தொலைபேசி வந்துவிட்டது. பார்வையற்றோருக்கான பேருந்து நேரப் பட்டியல் ஒன்றை அச்சகம் அப்போதுதான் அனுப்பியிருந்தது. அதை வாங்கிய ஒருவர் பேசினார். மேனேஜர் ஒலிபெருக்கியைப் போட்டார்.

"விடுமுறை நாள்ல மொதல் பஸ் அஞ்சு மணின்னு இருந்துச்சுங்க. நான் அஞ்சுக்கே போய் நின்னுட்டேன். எட்டுக்குத்தான் வந்துச்சு. பரவாயில்ல, காலைக் காத்து நல்லாத்தான் இருந்துச்சு. உங்க தாளை நின்ன எடத்துலயே மூணு தரம் தடவிப் பார்த்தேன். அஞ்சுதான் இருக்கு. சொல்லணும்னு தோணிச்சு."

பிரெயிலில் எட்டுக்கும் ஐந்துக்கும் ஒரே ஒரு புள்ளிதான் வித்தியாசம். தகட்டில் அந்தப் புள்ளி விழவில்லை. திருத்துநர் அதைத் தடவியிருக்கிறார், விரலுக்கு ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. அந்தத் தடத்தில் விடுமுறை நாளின் முதல் பேருந்து எட்டுக்கு என்பது அவருக்கே தெரியும், அவரே அதில்தான் போவார். ஆகவே வாய் தானாக "எட்டு" என்றது. ரயிலின் கையில் இருந்த மூலப் பிரதியிலும் எட்டு. அவளும் தலையாட்டிவிட்டாள். விரல் படிக்கவில்லை, நினைப்பு படித்திருக்கிறது. திருத்துகிறவன் செய்யவே கூடாத தப்பு அது. புள்ளி ஒன்றுக்காக நானூறு தாளைக் கழித்தவர் அன்றைக்கு வெட்கத்தில் கூனிக் குறுகிப்போனார். தன்னை நம்பி, தன்னைப்போலவே ஒரு மனிதர், விடியாத தெருவில் மூன்று மணி நேரம் நின்றிருக்கிறார்.

மறைக்க மனம் வரவில்லை. மேனேஜர் அறைக்குப் போய்க் கிட்டார் உட்பட எல்லாவற்றையும் சொன்னார்.

"அடடே!" என்றார் மேனேஜர். "பாட்டெல்லாம் உண்டா? அதானே பார்த்தேன்! சொல்லவே இல்லையே!"

ஐம்பது வருஷக் கோட்டை அப்படித்தான் விழுந்தது. அதைப்பற்றி வருத்தப்படக்கூட அவருக்கு அப்போது தெம்பு இல்லை. பட்டியலைத் திருத்தி எல்லாருக்கும் மறுபடி அனுப்புவது என்று முடிவாயிற்று. விரல் சரியாகும் வரை அவர் புத்தகக் கட்டுப் பிரிவில் தாள் அடுக்கட்டும், இரண்டு மாதம் பார்க்கலாம், வரவில்லை என்றால் வேறு திருத்துநரைத்தான் தேட வேண்டியிருக்கும் என்று மேனேஜர் தயங்கித் தயங்கிச் சொன்னார். நியாயம்தான். திருத்துநர் கிடங்குக்குப் போய்க் கிட்டாரை உறையில் போட்டு மூடினார். பிறகு அதை ரயிலின் பக்கம் தள்ளினார்.

"குடையை மாட்டிக்கோ, தங்கச்சி."

"நான்தான் அண்ணே கொண்டுவந்து கெடுத்தேன்" என்று ரயிலு மூக்கை உறிஞ்சினாள்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். வேலை போய்விடுமோ என்ற பயம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. சாயங்காலம் அவள் தைக்கும்போது அவர் பிரெயில் புத்தகம் எடுத்து அவளுக்குப் படித்துக் காட்டுவார். வீட்டில் கமா, முற்றுப்புள்ளி சொல்ல மாட்டார், ஏற்ற இறக்கத்தோடு படிப்பார். பத்து நாளாகத் தலைவலி என்று சாக்குச் சொல்லிப் படிக்காமல் இருந்தார். இனி எப்போதுமே முடியாமல் போனால்?

மனைவி மெஷினை நிறுத்தாமலேயே கேட்டாள். கேட்டு முடித்துவிட்டுக் கத்திரிக்கோலை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"இதைப் பிடிச்சு வெட்டுங்க பார்ப்போம்."

அவர் வலது கையில் பிடித்தார். கட்டைவிரலுக்கு வளையம் எதிர்ப்பக்கம் இருந்தது. துணி வெட்டாமல் மடங்கியது.

"வராது. அது இடதுகைக்காரி கத்திரி. நான் சின்ன வயசுல கத்திரிக்கோல், கத்தி, கதவுத் தாழ்ப்பாள்னு எல்லாத்தோடயும் சண்டை போட்டிருக்கேன். ஒலகத்துல எல்லாமே வலது கைக்குத்தான் செஞ்சு வச்சிருக்காங்க. அழுதா ஆகுமா? எதைத் திருப்பிப் போட முடியுமோ அதைத் திருப்பிப் போட்டுக்கிட்டேன். உங்களுக்குப் படிக்கறது எந்தக் கை?"

"இடது."

"வலது கை என்ன பண்ணுது?"

"சும்மா வரியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும்."

"அப்ப அது காய்ச்சுப்போனா யாருக்கு என்ன நஷ்டம்? கிட்டாரைத் திருப்பிப் பிடிங்க. இடது விரலை விட்டுடுங்க, அது பாட்டுக்கு ஆறட்டும்."

"இந்த வயசுல மறுபடி மொதல்லேர்ந்தா? அதுவும் நான் வாசிச்சா எப்படி இருக்கும் தெரியுமா உனக்கு? தயிர் கெட்டுப்போன மாதிரி இருக்கும்."

"எனக்கு எப்படித் தெரியும்? என்கிட்டதான் ஒளிச்சு வச்சீங்களே" என்றாள். அதில் கோபம் கொஞ்சம் இருந்தது, இருக்க வேண்டியதுதான்.

விடுமுறை நாள் மதியம் ரயிலு கிட்டாரையும் புத்தகத்தையும் தூக்கிக்கொண்டு வந்தாள். முன்னறையில் வெயில் தரை வழியாக நகர்ந்து அவர் காலடிக்கு வந்திருந்தது. அந்தச் சூடு பாதத்தில் தெரிந்தது. தெருவில் சத்தமில்லை. திருத்துநர் கிட்டாரை வாங்கி, கழுத்துப் பகுதி வலப்பக்கம் போகும்படி திருப்பி மடியில் வைத்தார். எல்லாம் அந்நியமாக இருந்தது. மிருகம் முதுகைக் காட்டிப் படுத்திருப்பதுபோல் இருந்தது. பழக்க தோஷம், கீழிருந்து எண்ணினார். ஒன்றை விட்டார். இரண்டிலும் மூன்றிலும், இரண்டாம் கட்டத்தில், வலது கை விரல்களை வைத்தார். இளசான விரல் நுனி வலித்தது. இடது கையால் மெல்ல மீட்டினார்.

முன்னறை நிறைந்தது.

புளிப்பு இல்லை. ஆறு கம்பியும் ஒன்றாக, முழுசாக, மழை விட்ட மதியம் ஜன்னல் வழியாக வந்ததே, அதே சத்தம். அது மேஜை மேல், துணிக்கட்டுகள் மேல், வெயில் மேல் பரவிப் போய், மெதுவாகக் குறைந்து, எங்கே முடிந்தது என்றே தெரியாமல் முடிந்தது.

"அண்ணே" என்றாள் ரயிலு. "இது நீங்களா?"

அவர் ஏ மைனருக்கு மாறினார். அதுவும் வந்தது. சி வந்தது. ஜி மட்டும் கொஞ்சம் முரண்டு பிடித்துவிட்டு வந்தது. திருத்துநர் கையை எடுத்தார். இருபது வருஷம் பிழை தேடிய புத்தி விழித்துக்கொண்டது.

"தங்கச்சி, அந்தப் புத்தகத்தை எடு. படத்துல இடது ஓரத்துக் கோடு எந்தக் கம்பின்னு எங்கயாவது போட்டிருக்கா பாரு."

ரயிலு பக்கங்களைப் புரட்டினாள். முன்னால் போனாள், இன்னும் முன்னால் போனாள். "முன்னுரையில பொடி எழுத்துல போட்டிருக்கு அண்ணே. 'இடது ஓரத்தில் இருப்பது தடித்த கம்பி.'" அவள் குரல் இறங்கியது. "நாம முன்னுரை படிக்கல."

அதாவது, கடைக்காரர் மெல்லிய கம்பியிலிருந்து எண்ணச் சொன்னார், படம் தடித்த கம்பியிலிருந்து எண்ணியது. இரண்டரை மாதமாக அவர்கள் எல்லாக் கார்டையும் தலைகீழாகக் கற்றிருக்கிறார்கள். இப்போது கிட்டாரையே திருப்பிப் பிடித்தபோது தடித்த கம்பி கீழே வந்துவிட்டது. தலைகீழாகக் கற்றதெல்லாம் நேராகிவிட்டது. மனைவிக்கு இதை விளக்கிச் சொன்னதும் அவள் சிரிக்க ஆரம்பித்தாள். ஊசி கையில் இருக்கிறது, குத்திக்கொள்ளப் போகிறாள் என்று ரயிலு பதறும் அளவுக்குச் சிரித்தாள்.

"ஊருக்கெல்லாம் தப்புப் பார்க்கிற ரெண்டு பேர்!" என்றாள். அதற்கு மேல் வார்த்தை வரவில்லை.

கிட்டார் அங்கேயே தங்கிவிட்டது. ஆனால் இடது விரல் அவ்வளவு சுலபமாக வழிக்கு வரவில்லை. மேனேஜர் சொன்ன இரண்டு மாதத்தில் ஒரு மாதம் கரைந்துபோயிற்று. பகலில் கட்டுப் பிரிவில் தாள் அடுக்கினார். யாரும் பார்க்காதபோது அடுக்கிய தாளில் ஒரு வரியைத் தடவிப் பார்ப்பார். போர்வை கொஞ்சம் விலகியது போலவும் இருக்கும், விலகாதது போலவும் இருக்கும். வெந்நீரில் விரலை ஊறவைத்தார். காய்ந்த தோல் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. சாயங்காலம் வழக்கம்போல் மனைவி தையலை நீட்டுவாள். அவர் விரலை ஓட்டிவிட்டு, "சரியா இருக்கு" என்பார். அவள் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொள்வாள். சரியாக இருக்கிறதா, தனக்குத் தெரியவில்லையா என்று உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருக்கும்.

இன்னும் மூன்று வாரம்கூட மிச்சமில்லாதபோது ஒரு சாயங்காலம், ஒரு சின்னப் பருத்திச் சட்டையை நீட்டினாள். அவர் மனம் வேறெங்கோ இருந்தது. ஜி-யிலிருந்து சி-க்குப் போகும் வழியில் இருந்தது. விரல் பாட்டுக்குத் தோளிலிருந்து இறங்கி, இடுப்புக்குப் பக்கத்தில் போய் நின்றது. அவர் நிறுத்தவில்லை, விரல்தான் நின்றது.

"இங்க ஒண்ணு விட்டுப்போச்சு" என்றார்.

மெஷின் சத்தம் நின்றது. தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று பயந்துபோய், "இல்லையா?" என்றார்.

"நாப்பத்தேழு நாளாச்சு" என்றாள் அவள்.

"என்ன நாப்பத்தேழு?"

"அந்தப் பட்டுத் துணி மாட்டுச்சே, அன்னைலேர்ந்து. தினம் ஒரு தையலை வேணும்னே விட்டுத் தைச்சு உங்ககிட்ட நீட்டுவேன். சரியா இருக்குன்னு சொல்லுவீங்க. நீங்க கை கழுவப் போனதும் அதைத் திருப்பித் தைப்பேன்." மூச்சை இழுத்துக்கொண்டாள். "இன்னைக்குத்தான் பிடிச்சீங்க."

கையை நீட்டி அவள் முகத்தைத் தேடினார். இடது விரல் கன்னத்தில் பட்டது. கன்னம் நனைந்திருந்தது. கண்ணோரச் சுருக்கம், மூக்கின் பக்கத்து மச்சம், வியர்வையில் ஒட்டிய ஒரு நூல் துணுக்கு, எல்லாம் விரலுக்குத் தனித்தனியாகத் தெரிந்தது.

அவள் அவர் கையை எடுத்துத் தன் முந்தானையில் துடைத்தாள். பிறகு சுவரோரம் சாத்தியிருந்த கிட்டாரை எடுத்து, சரியான பக்கம் திருப்பி, அவர் மடியில் வைத்தாள்.

"ஒரு பாட்டு வாசிங்களேன்" என்றாள்.

இருபத்தாறு வருஷத்தில் அவள் கேட்டது அதுதான் முதல் தடவை.

"பாட்டு வராது" என்றார் அவர். "நாலு கார்டுதான் வரும்."

"அது போதும்."

அவர் கீழிருந்து எண்ணினார்.